பிரேசில் நாட்டுச் சைமன்டன் ஐயர்

கலாசாலைக்குப் புதிதாக வந்த மாணவன் ஒருவன், ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தைத் தொடங்கிவிட்டு, அதை முடிக்கும் வகையறியாது விழித்து நின்றதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். நம்முட் சிலர் அவ்வாறு நின்றுமிருக்கிறோம். தாய்மொழியில் நாவன்மை மிக்கவனுக்கே அவ்வேதனை அதிகம். சொல்லவேண்டியது நெஞ்சு நிறைய இருக்கும். நாவோ மூன்று வயதுக் குழந்தையின் நாவாயிருக்கும். பேசுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவர், தம் சொல் ஒன்றும் விளங்காத தேசத்தில் அத்தொழிலைச் செய்யப் புகுந்தால் அவர் பாடு எத்தகையதாயிருக்கும்? அமெரிக்காவினின்று பிரேசிலுக்குச் சென்று, போர்ச்சுகீசு பாஷையை அரிதிற் கற்று, அத்தேசத்துப் பிரஸ்பிதேரியன் சபைக்கு அடிகோலிய ஆஷ்பெல் கிரீன் சைமன்டன் ஐயரின் சரித்திரத்தை அக்காரணம்பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

இவர் 1833-ம் வருஷம் ஜனவரி மாதம் 20-ந் தேதி பென்சில்வேனியா மாகாணத்தில் வெஸ்ட் ஹானோவர் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் வைத்தியர், அமெரிக்க ஜனப்பிரதிநிதி சபையில் அங்கத்தினராகவும் இருந்தவர். ஒன்பது குழந்தைகளுள் இவரே கடைக்குட்டி. பிரின்ஸ்டன் நகரக் கலாசாலையின் தலைவராயிருந்த ஆஷ்பெல் கிரீன் என்னும் பெரியாரின் பெயரையே இவருக்கு இட்டனர். அக்கலாசாலையிலேயே பயின்று 1852-ல் பட்டம் பெற்றார். பின்பு தென்பகுதியாகிய மிசிசிப்பி மாகாணத்திற் சிலகாலம் உபாத்தியாயராயிருந்தார். அது மனத்துக்கு ஒவ்வாமையால் ஊர் திரும்பிச் சட்டம் படிக்கத் தொடங்கினார். 1855-ல் ஹாரிஸ்பர்க் நகரில் உண்டான பக்தி எழுச்சி இவர் வாழ்க்கையைத் திருப்பியது. சட்டப் புத்தகங்களை மூடிவிட்டுப் பிரின்ஸ்டன் வேதசாஸ்திரக் கலாசாலையிற் சேர்ந்தார். அவ்வருஷமே சார்லஸ் ஹாட்ஜ் என்னும் பேராசிரியர் செய்த பிரசங்கம் ஒன்றைக் கேட்டு, அந்நிய தேச ஊழியம் தமக்குரியதோ என்று எண்ணலானார். 1858-ல் மிஷன் சங்கத்தாருக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தபோது, தாம் செல்ல விரும்பும் தேசம் பிரேசில் என்று தெரிவித்தார்.

1859-ம் வருஷம் ஜூன் மாதம் 18-ந் தேதி பால்டிமோர் துறைமுகத்திற் கப்பலேறி, 55 நாட் பிரயாணத்துக்குப்பின் ஆகஸ்டு 12-ந் தேதி ரியோ டி ஜனேரோ சேர்ந்தார். அப்போது வயது இருபத்தாறு. இரண்டாம் பெத்ரு சக்கரவர்த்தி ஆண்டுவந்த காலம் அது. ரோமன் கத்தோலிக்க மதமே ராஜாங்க மதம். பிற மதத்தினர் வீடுகளுக்குள் கூடி வழிபடலாம். ஆனால் அவ்விடம் புறத்தே கோயில் வடிவாய்த் தோன்றலாகாது என்பது 1824-ம் வருஷத்து அரசியற் சட்டத்தின் விதி. கோபுரமில்லாமற் கோயில் நடத்த இடமுண்டு. நாவில்லாமற் பிரசங்கம் நடத்த இடமில்லையே! சைமன்டன் ஐயருக்கு முதலில் நேர்ந்த இடர் அதுதான்.

போர்ச்சுகீசு பாஷை நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. ஜன்னல், சாவி, அலமாரி, மேசை, ஏலம், பாதிரி என்று நாம் நாள்தோறும் வழங்கும் சொற்களெல்லாம் அப்பாஷையினின்று கப்பலேறி நம் கரைக்கு வந்தவையே. நம் வீட்டுச் சிறுமி ரியோ நகரத்து வீடொன்றிற் புகுந்தால், சைமன்டன் ஐயரைக் காட்டிலும் சில பொருள்களின் பெயரை விரைவில் அறிந்துகொள்வாள் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். எனினும் ஆங்கில நாவுக்கு அது எளிதன்று. ரொட்டியைக் குறிக்கும் சொல்லுக்கும் கழியைக் குறிக்கும் சொல்லுக்கும் உள்ள வேற்றுமை ஒரு மூக்கொலியேயாம். அவ்வொலி பிறவாவிட்டால் ரொட்டி கேட்டவன் கழியைக் கேட்டவனாவான். இருத்தல் என்னும் ஒரே பொருளுக்கு இரண்டு வினைகள் உண்டு. ஒன்று நிலையான தன்மைக்கு, மற்றொன்று அப்போதைய நிலைமைக்கு. மேலும், நாம் நீ, நீர், தாங்கள் என்று ஆளுக்கேற்ப அழைப்பதுபோலவே அவர்களும் அழைப்பர். அரசனையும் அடிமையையும் ஒரே முன்னிலைச் சொல்லால் அழைத்துப் பழகிய ஆங்கிலம் பேசுவோன் இதிற் பிழைபட்டால், அப்பிழை இலக்கணத்தோடு நில்லாது. கேட்போன் மனத்தைப் புண்படுத்தும்.

பாஷையின் கடினத்தைக் காட்டிலும் பெரியதொரு தடை வேறிருந்தது. ரியோ துறைமுக நகரம். அமெரிக்க, ஆங்கில வர்த்தகர்களும் மாலுமிகளும் அங்கே பலர். இளங்குரு ஒருவர் வந்திருக்கிறார் என்றவுடன் அவரை வரவேற்க வீடுகளும், அவர் பிரசங்கத்தைக் கேட்கச் செவிகளும் ஆயத்தமாயிருந்தன. சைமன்டன் ஐயரும் அவர்களுக்கு ஆங்கிலத்திற் பிரசங்கித்தார். அது நல்ல ஊழியமே, தனிமைக்கு மருந்துமாயிற்று. ஆனால் ஆங்கிலத்திற் கழிந்த ஒவ்வொரு நாளும் போர்ச்சுகீசு பாஷைக்கு நஷ்டமாயிற்று. தாம் கற்பது மெதுவாயிருக்கிறதென்றும், ஆங்கிலம் பேசுவோர் கூட்டத்திலேயே தங்கிவிட்டோமே என்றும் அவர் அடைந்த கவலைக்கு, 1852 முதல் அவர் எழுதிவந்த நாட்குறிப்பே சாட்சி. கலாசாலையிலும் வேதசாஸ்திரத்திலும் தேர்ந்தவர், சட்டம் பயின்றவர், உபாத்தியாயராயிருந்தவர், அங்காடித் தெருவில் நிற்கும் சிறுவனுக்குக் கீழான மாணவராக நிற்கவேண்டியதாயிற்று. அந்தத் தாழ்வை விரும்பி ஏற்பதற்கு அவருக்குச் சில மாதங்கள் வேண்டியிருந்தன என்பதே நம் எண்ணம். உள்ளூரார்க்கு ஆங்கிலம் கற்பித்து, அதன் வாயிலாக அவர்களோடு பழகி அவர்கள் பேச்சைக் கேட்டுக் கற்கும் வழியையும் கைக்கொண்டார்.

அந்நகரில் இவ்விஷயத்திற் கைதேர்ந்தவர் ஒருவர் இருந்தார். ராபர்ட் கேலி என்னும் ஸ்காத்லாந்து வைத்தியர், 1838 முதல் மதீரா தீவில் வாழ்ந்து போர்ச்சுகீசு பாஷையிற் பழகி, அங்கே எழுந்த கலகத்தால் 1846-ல் துரத்தப்பட்டு, 1855-ல் பிரேசிலுக்கு வந்தவர். அவரும் அவர் மனைவியார் சாராள் அம்மையாரும் வீட்டுக்குள்ளேயே ஓசையின்றிச் சபை வளர்த்துவந்தனர். புதிதாக வந்த இளைஞர் அவசரப்பட்டு யாவற்றையும் கெடுத்துவிடலாகாதே என்பது கேலி ஐயரின் அச்சம். பாஷையறியாதவனுக்கு அவசரம் எங்ஙனம் கூடும்? கேலி ஐயர் விரும்பிய நிதானத்தைச் சைமன்டன் ஐயருக்கு அவர் நாவே கற்பித்துக்கொண்டிருந்தது.

எட்டு மாதம் கழிந்தது. 1860-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 22-ந் தேதி ஞாயிற்றுக்கிழமையன்று சைமன்டன் ஐயர் முதன்முறையாகப் போர்ச்சுகீசு பாஷையில் ஊழியம் தொடங்கினார். சபை எது? ஐந்து குழந்தைகள். பாடம் வேதாகமம், ஒரு வினாவிடை, ஜான் பனியன் எழுதிய மோட்சப் பிரயாணம். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அச்சிறுமியருள் இருவர், பனியன் தங்களுக்குச் சலிப்பாயிருக்கிறதென்று கூசாமற் சொல்லிவிட்டனர். ஐயர் இதை மறைக்காமல் தம் குறிப்பில் எழுதிவைத்தார். நமக்கு இவ்விடத்தில் அவர்மேல் அன்பு பெருகுகின்றது. பெரியோர் சபையில் மரியாதைக்காகத் தலையசைப்பர். பாஷை விளங்கிற்றோ, விஷயம் பிடித்ததோ என்று தெரிந்துகொள்ளக் குழந்தைகளைப்போன்ற பரீட்சாதிகாரிகள் இல்லை.

1860 ஜூலையில் அவருடைய சகோதரி எலிசபெத்தும், அவர் கணவர் பிளாக்போர்டு ஐயரும் துணையாக வந்துசேர்ந்தனர். 1861 மே மாதத்தில் நகரின் நடுவே ஓர் அறையை வாடகைக்குக் கொண்டு போர்ச்சுகீசு பாஷையில் ஆராதனை தொடங்கினார்கள். முதலில் இரண்டு மூன்று பேரே வந்தனர். பின்பு சிறிது சிறிதாகப் பெருகினர். 1862 ஜனவரி 12-ந் தேதி இருவர் சபையிற் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். ஒருவர் தையல் இயந்திரக் கம்பெனி ஒன்றின் முகவரான மில்போர்டு என்னும் அமெரிக்கர். மற்றவர் போர்ச்சுகலினின்று வந்து குடியேறிய கமிலோ கார்தோசோ என்பவர். ரியோ நகரத்துப் பிரஸ்பிதேரியன் சபை அன்று ஸ்தாபிக்கப்பட்டதெனக் கொள்வர். இரண்டு அங்கத்தினருள் பிரேசிலில் பிறந்தவர் ஒருவருமிலர் என்பதையும் நாம் கவனிக்கவேண்டும்.

எந்தப் பாஷையில் ஊழியம் செய்வது என்ற கேள்வி பிரேசிலில் சைமன்டன் ஐயரோடு முடியவில்லை. 1928-ல் அங்கே ஊழியம் தொடங்கிய மார்மன் சபையார் ஜெர்மனியினின்று குடியேறிய மக்களைக் கருதி ஜெர்மன் பாஷையிலேயே தொடங்கினர். பத்தாண்டு கழிந்து, அரசாங்கம் அந்நிய பாஷைகளுக்குத் தடைவிதித்த காலத்திற்றான் அவர்கள் போர்ச்சுகீசுக்குத் திரும்பினர். பின்பு அச்சபையின் இளைஞர் ஆயிரக்கணக்கானோர் அப்பாஷையைக் கற்று அத்தேசத்தில் வீடுவீடாய் நடந்தனர். தெரிந்த பாஷையில் தெரிந்தவர்களோடு நின்றுவிடும் சோதனை எல்லோர்க்கும் பொது என்பதற்கே இதை இங்கே குறித்தோம்.

1862-ல் விடுமுறையிற் சென்ற சைமன்டன் ஐயர், 1863-ல் பால்டிமோர் நகரில் ஹெலன் மர்டாக் அம்மையாரை மணந்து, ஜூலை மாதம் ரியோவுக்கு அழைத்துவந்தார். அந்த இன்பம் ஓராண்டும் நிலைக்கவில்லை. 1864 ஜூன் 19-ந் தேதி பெண்மகவு பிறந்தது. 28-ந் தேதி அம்மையார் காலஞ்சென்றார். ஒன்பது நாட் குழந்தையோடு நின்ற அவர் அப்போது வேலையை விட்டுத் தாயகம் சென்றிருந்தாலும் குறைகூறுவார் எவருமிலர். குழந்தையைச் சகோதரியார் பராமரித்தனர்.

அத்துக்கம் நிகழ்ந்த அவ்வருஷத்துப் பிற்பகுதியிலேயே அவருடைய பெருங் காரியங்கள் இரண்டு நிகழ்ந்தன. நவம்பர் 5-ந் தேதி இம்பிரென்சா எவாஞ்சேலிக்கா என்னும் பத்திரிகையை வெளியிட்டார். பிரேசிலில் புரோட்டஸ்டண்டு மதத்தார் நடத்திய முதற் பத்திரிகை அதுவே; அவருக்குப்பின்னும் நடந்து 1892 வரை நிலைத்தது. ஐந்து ஆண்டுகளுக்குமுன் கடையிற் பேசத் தடுமாறியவர் அப்பாஷையில் பத்திராசிரியரானார். வாயினால் எட்டமுடியாத உள்நாட்டு ஊர்களுக்கு அச்செழுத்து எட்டும் என்பதை அவர் நன்குணர்ந்திருந்தார்.

அப்பத்திரிகை வெளிவருவதற்குப் பதின்மூன்று நாள் முன்பு, அக்டோபர் 23-ந் தேதி, ஜோசே மனுவேல் த கொன்சேய்சாவ் என்பவர் ரியோவில் ஞானஸ்நானம் பெற்றார். இவர் சான் பவுலோ மாகாணத்தில் 1822-ல் பிறந்தவர். கத்தோலிக்க குருவாயிருந்தபோதே வேதவாசிப்பில் ஊன்றி, அது காரணமாக ஊர் ஊராக மாற்றப்பட்டவர். அவரைத் தேடிச் சென்று முதலிற் கண்டவர் பிளாக்போர்டு ஐயர். 1865 டிசம்பர் 16-ந் தேதி ரியோ பிரஸ்பிதேரி என்னும் குருமார் சங்கம் அமைந்தது. மறுநாள் கொன்சேய்சாவ் குருப்பட்டம் பெற்றார். பிரேசிலிற் பிறந்தவருள் முதல் புரோட்டஸ்டண்டு குரு இவரே. கையில் மூட்டையோடு கால்நடையாக மாகாணங்களைச் சுற்றி, குடியானவர் வீட்டுத் திண்ணையிற் பேசினார். அவர் பேசிய போர்ச்சுகீசு தாய்ப்பாலோடு வந்தது. சைமன்டன் ஐயர் எத்தனை ஆண்டு கற்றாலும் அதை எய்தியிரார். எய்தமுடியாதென்று அறிந்தவர்போலவே அவர் நடந்துகொண்டதுதான் அவர் பெருமை என்று நாம் கருதுகிறோம்.

இதற்கு 1867-ம் வருஷமே சான்று. மே மாதத்தில் ரியோவில் நான்கு வாலிபரைக் கொண்டு குருமார் பயிற்சிச் சாலை ஒன்றைத் திறந்தார். ஜூலையில் பிரஸ்பிதேரிக் கூட்டத்தில், பிரேசிலில் ஊழியம் வேரூன்றத் தக்க வழிகள் எவை என்பதைக் குறித்து ஒரு வியாசம் வாசித்தார். விசுவாசிகளின் நல்லொழுக்கம், வேதப் புத்தகங்களையும் பிற நூல்களையும் பரப்புதல், ஆளுக்கு ஆள் பேசுதல், உள்நாட்டுக் குருமார், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்பனவே அவர் கூறிய வழிகள். அமெரிக்காவினின்று இன்னும் பலர் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்னும் எண்ணத்தில் அவர் தம் நம்பிக்கையை வைக்கவில்லை. அந்நால்வருள் ஒருவரான அந்தோனியோ திரஜானோ பிற்காலத்திற் கணித நூல்கள் எழுதினார். பிரேசிலிலே பல தலைமுறைப் பிள்ளைகள் கூட்டலும் கழித்தலும் கற்றது அவர் புத்தகங்களைக் கொண்டுதான்.

சைமன்டன் ஐயர் இவற்றின் பலனைக் காணவில்லை. அவ்வருஷம் நவம்பர் இறுதியில் காய்ச்சலோடு சான் பவுலோவிலிருந்த சகோதரியார் வீட்டுக்குச் சென்றார். டிசம்பர் 9-ந் தேதி தேகவியோகமானார். வயது முப்பத்துநான்கு. பிரேசிலில் இருந்த காலம் எட்டு ஆண்டு. அதில் விடுமுறையாக ஓராண்டுக்குமேல் கழிந்தது. பாஷை கற்கவும் ஏறக்குறைய ஓராண்டு. எஞ்சியது ஆறு ஆண்டே.

அவர் உடலைச் சான் பவுலோ நகரத்துப் புரோட்டஸ்டண்டு கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தனர். கொன்சேய்சாவ் மேலும் ஆறு ஆண்டு நடந்து, 1873-ம் வருஷம் கிறிஸ்துமஸ் தினத்தில் ரியோவுக்கு அருகே வழிப்போக்கராக உயிர்நீத்தார். பிற்பாடு அவர் எலும்புகளையும் கொண்டுவந்து, அதே தோட்டத்திற் சைமன்டன் ஐயரின் கல்லறைக்குப் பக்கத்திலே வைத்தனர்.