அழுகைக்குள் இருந்த சொல்

ஒலுவில் துறைமுகப் பக்கத்திலும் சரி, கல்முனையிலும் சரி, சின்னப்பிள்ளைகளின் பள்ளியை மொண்டிசோரி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். அது ஒரு பெண்மணியின் பெயர்.

மரியா மொண்டிசோரி அம்மையார் 1870 ஓகஸ்ட் 31இல் இத்தாலியின் கியாரவல்லே என்ற ஊரில் பிறந்தார். பெண்கள் வைத்தியம் படிப்பது அபூர்வமாயிருந்த காலத்தில், 1896இல் ரோம் பல்கலைக்கழகத்தில் வைத்தியப் பட்டம் பெற்றார். 1907 ஜனவரி 6இல், ரோமின் சான் லொரென்ஸோ என்னும் ஏழைக் குடியிருப்பில், பெற்றோர் வேலைக்குப் போனபின் கவனிப்பாரற்றுத் திரிந்த பிள்ளைகளுக்கான சிறுவர் இல்லம் அவர் பொறுப்பில் திறக்கப்பட்டது.

அங்கே ஒரு நாள், லேஞ்சியால் சத்தமில்லாமல் மூக்குச் சிந்துவது எப்படி என்று செய்து காட்டினார். முடிந்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். மூக்கொழுகுவதற்காக அவர்கள் ஏச்சு வாங்கியது நிறைய. பொறுமையாகக் காட்டித் தந்தவர் இவர்தான்.

இன்னொரு சம்பவத்தை அம்மையாரே எழுதியிருக்கிறார். நேப்பிள்ஸ் நகரத்துக் குகையொன்றில் பலருடன் நடந்துபோனபோது, ஒரு இளம் தாய் ஒன்றரை வயதுக் குழந்தையைத் தூக்கி வந்தாள். வியர்க்கவே, மேலங்கியைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டாள். குழந்தை வீரிட்டு அழத் தொடங்கியது. யார் தேற்றியும் அடங்கவில்லை. அம்மையார் தாயை மேலங்கியை மறுபடி அணியச் சொன்னார். உடனே அழுகை நின்றது. அங்கி, தோள் என்று குழந்தை மழலையில் சொன்னது. அங்கி இருக்கவேண்டிய இடம் தோள் என்பதே அந்தப் பிள்ளையின் முறைப்பாடு.

1939இல் அம்மையார் சென்னை அடையாறுக்கு வந்தார். இத்தாலிய மொழியில் அவர் விரிவுரை செய்ய, மகன் மரியோ ஆங்கிலத்தில் சொல்வார். 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும் மரியோ தடுப்புக்காவலில் வைக்கப்பட்டார். தாயின் எழுபதாவது பிறந்தநாளில்தான் விடுதலையானார். 1944இல் அம்மையார் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தார். 1952 மே 6இல் நெதர்லாந்தில் காலமானார்.

அவருடைய வகுப்பில் பிள்ளை சொரசொரப்பையும் வழுவழுப்பையும் முதலில் விரலால் தொட்டு உணரும். அதன்பிறகே அதற்குரிய சொல்லை ஆசிரியை சொல்லுவார். பசி, பயம், கூச்சம், கோபம் எல்லாவற்றுக்கும் அதுவே நல்ல வழி. பிள்ளை அவற்றை ஏற்கெனவே உணர்கிறது, பெயர்தான் தெரியாது. இன்று எந்த நாட்டில் வாழ்ந்தாலும், மடியில் அழும் பிள்ளையையோ பேரப்பிள்ளையையோ அதட்டுமுன், என்ன மாறியிருக்கிறது என்று சற்றுச் சுற்றிப் பார்ப்போம். கண்டதும் அதன் பெயரை மெதுவாகச் சொல்லிக் கொடுப்போம். அடுத்த முறை அழுகைக்குப் பதிலாக அந்தச் சொல் வரக்கூடும்.