வழி தவறும் பிள்ளைகளுக்காக உழைத்த ஜேன் ஆடம்ஸ்

பையன் தப்பு செய்தால் அடி. அதற்கும் அடங்காவிட்டால் ஜெயில். உலகம் அப்படித்தான் நெடுங்காலம் நடந்து வந்தது. பையனை மட்டும் பார்த்தால் போதாது, அவன் வீட்டையும் தெருவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று செய்து காட்டியவர்களில் முன் நின்றவர் அமெரிக்காவின் ஜேன் ஆடம்ஸ் அம்மையார்.

இல்லினாய் மாநிலத்தில் சீடர்வில் என்ற சிற்றூரில் 1860-ம் ஆண்டு செப்டம்பர் 6-ந் தேதி பிறந்தார். தந்தை மில் சொந்தக்காரர். தாயை இரண்டு வயதிலேயே இழந்தார். டாக்டருக்குப் படிக்கத் தொடங்கியும் உடல்நலக் குறைவால் நிறுத்த வேண்டியதாயிற்று. 1888-ல் லண்டன் சென்றபோது, படித்தவர்கள் ஏழைகள் நடுவே குடியிருந்து தொண்டு செய்த டாயின்பி ஹாலைக் கண்டார். மறு ஆண்டே தோழி எல்லன் ஸ்டாருடன் சிகாகோவில் ஹல் ஹவுஸ் என்ற பழைய வீட்டில் குடியேறினார்.

பிழைக்க வந்த குடும்பங்கள்

சுற்றிலும் இத்தாலியர், ஐரிஷ்காரர், ஜெர்மானியர், ரஷ்ய யூதர். எல்லோரும் பிழைப்புத் தேடி வந்தவர்கள். பெற்றோருக்கு ஆங்கிலம் வராது. பிள்ளைகளோ பள்ளியிலும் தெருவிலும் சீக்கிரம் கற்று விடுவார்கள். வெளியே எங்கு போனாலும் பெற்றோருக்குப் பிள்ளைதான் துணை. நாளடைவில் வீட்டில் தகப்பன் சொல் எடுபடாமல் போகும். பல தகராறுகளுக்கு வேர் அங்கே இருப்பதை அம்மையார் கண்டார்.

சிறுவர் கோர்ட்டு

அந்நாளில் சிகாகோவில் சிறு பையன்களையும் பெரிய குற்றவாளிகளோடு அடைத்து வைப்பார்கள். லூசி பிளவர், ஹல் ஹவுஸ் தோழி ஜூலியா லாத்ரப் முதலிய பெண்மணிகளின் முயற்சியால் 1899 ஜூலையில் அமெரிக்காவின் முதல் சிறுவர் கோர்ட்டு அங்கே தொடங்கியது. 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அது தனி கோர்ட்டு. நன்னடத்தை அதிகாரி பையன் வீட்டுக்கே போவார். தகப்பனுக்கு வேலை உண்டா, தாய் எப்படி இருக்கிறாள், பள்ளிக்குப் போகிறானா, கூட்டாளி யார் என்று விசாரித்து நீதிபதியிடம் சொல்வார். கூடுமானவரை பையனை வீட்டிலேயே விட்டுக் கண்காணிப்பார். அந்த அதிகாரிகளுக்குச் சம்பளம் தர முதலில் சட்டத்தில் வழியில்லை. பெண்மணிகளே நிதி திரட்டிக் கொடுத்தார்கள். ஹல் ஹவுஸில் இருந்த அல்சினா ஸ்டீவன்ஸ் முதல் அதிகாரிகளில் ஒருவர்.

கோர்ட்டுக்கு வந்த வழக்குகள் பலவற்றை 1909-ல் எழுதிய நூலில் அம்மையார் வரிசையாகச் சொல்கிறார். ரயில்வே ஊழியர்களுக்கு அவை புதிதல்ல. ஓடும் ரயில் மீது கல்லெறிதல், சிக்னல் விளக்கை உடைத்தல், கொடி காட்டி ரயிலை நிறுத்துதல், தண்டவாளத்தில் தீ மூட்டுதல். இவற்றில் பலவும் கெட்ட புத்தியால் வந்தவை அல்ல, வீர விளையாட்டில் வயதுப் பிள்ளைக்கு இருக்கும் ஆசை வேறு வழியின்றித் தண்டவாளத்துக்கு வந்து விட்டது என்பது அவர் முடிவு. ஹல் ஹவுஸ் 1890-களிலேயே பிள்ளைகளுக்கு விளையாட்டு மைதானம் அமைத்திருந்தது.

தாயின் கைத்திறன்

1900-ல் ஹல் ஹவுஸில் ஒரு தொழிற் காட்சிசாலை திறந்தார். அக்கம்பக்கத்துத் தாய்மார் தங்கள் நாட்டு முறைப்படி அங்கே நூல் நூற்றுக் காட்டினார்கள். இத்தாலியப் பெண் ஒருத்தி தலையில் முக்காடும் முரட்டுப் பூட்சுமாக வந்து நூற்பாள். சமையல் வகுப்புக்கு வரும் அவள் மகளோ, தாயை முன்வாசலில் விட்டு விட்டுப் பக்கவாசலால் நுழைவாள். தோழிகள் பார்த்து விடுவார்களே என்ற வெட்கம். ஒரு நாள் படித்த விருந்தினர் கூட்டம் தாயைச் சூழ்ந்து நின்று, அவள் தக்ளியில் நூற்பதை மெச்சுவதை மகள் கண்டாள். அம்மையாரும் தாய் பிறந்த மலைக் கிராமத்தைப் பற்றியும் அங்கே இந்தக் கலை வளர்ந்த விதத்தையும் எடுத்துச் சொன்னார். அதன் பிறகு மகள் தாய் வரும் வாசலாலேயே வந்தாள்.

முதல் உலகப் போரை எதிர்த்ததால் சொந்த நாட்டிலேயே ஏச்சுக்கு ஆளானவர் அம்மையார். 1931-ல் சமாதானத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றார். 1935 மே 21-ந் தேதி காலமானார்.

நம் நாட்டில் 1920-ல் சென்னை மாகாணத்திலும் 1924-ல் பம்பாய் மாகாணத்திலும் சிறுவர் சட்டங்கள் வந்தன. 2015-ம் ஆண்டுச் சட்டப்படி, பிடிபட்ட சிறுவனின் குடும்ப நிலையை நன்னடத்தை அதிகாரி விசாரித்து 15 நாளில் அறிக்கை தர வேண்டும்.

வெளிமாநிலத்தில் பிள்ளை வளர்க்கும் நமக்கு, கோர்ட்டு வரை போகாத பாடமும் இதில் உண்டு. ஊரில் நாம் செய்த வேலை, நமக்குத் தெரிந்த தொழில் எதுவென்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம். பெற்றோரை எண்ணி வெட்கப்படாத பிள்ளையைத் தெரு அவ்வளவு சுலபமாக இழுத்துக் கொள்ளாது.