கோப்பி பட்ட மண்ணில் ஜேம்ஸ் டெய்லர்

மலைநாட்டு வரலாற்றை மாணவர்க்குச் சொல்லப் புகும்போது நான் தேசாதிபதிகளிடமிருந்து தொடங்குவதில்லை. ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரரிடமிருந்தே தொடங்குவது வழக்கம். 1835இல் பிறந்த அவர், பதினாறு வயது இளைஞராக 1852இல் இலங்கைக்கு வந்து, ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துரைத் தோட்டத்தில் அமர்ந்தார். நாற்பது ஆண்டுகள் அம்மலையிலேயே கழிந்தன. பிறந்த நாட்டை அவர் மீண்டும் காணவேயில்லை.

அந்நாளில் மலைநாடெங்கும் கோப்பி மயம். துரைமார் கடன் வாங்கிக் காடழித்துக் கோப்பி நட்டனர். தமிழகத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழி நடந்து வந்து, பறிப்புக் காலம் முடிந்ததும் பெரும்பாலும் ஊர் திரும்பினர். வழியிலேயே மாண்டோரும் பலர். 1869இல் இலைகளின் அடியிற் செம்மஞ்சட் பொடி போற் படிந்த பூஞ்சண நோய் தோன்றிற்று. மலைக்கு மலை ஒரே பயிரை நட்டிருந்ததே அந்நோய்க்கு வாயில் திறந்து வைத்தது என்பேன். தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நொடித்தன. 1884இல் ஓரியன்டல் வங்கியும் முறிந்தது.

டெய்லரோ, நோய் வருமுன்னரே 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். பங்களா விறாந்தையிற் கொழுந்தைக் கையால் உருட்டி, மண்ணடுப்பில் கரிநெருப்பின் மேல் வாட்டிப் பதம் கண்டார். 1874இல் எடுத்த விடுமுறையையும் டார்ஜீலிங்கில் தேயிலை பார்ப்பதிலேயே செலவிட்டார்! அவரைத் தீர்க்கதரிசி என்பார் உளர். எனக்கு அவர் பொறுமை மிக்க சோதனைக்காரராகவே தோன்றுகிறார். சிங்கோனாவையும் அவர் வளர்த்தார். 1880களில் அதன் விலை சரிந்தது. தேயிலை நிலைத்தது. இருப்புப்பாதை 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியது.

கோப்பிக்குப் பருவம் உண்டு. தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் பறிக்க வேண்டியது. ஆகவே வந்து போன தொழிலாளர் குடும்பத்தோடு லயங்களிற் குடியேறினர். கோப்பியின் வீழ்ச்சி விளைத்த மாற்றங்களுள் இதனையே நான் முதன்மையாகக் கொள்வேன்.

1892இல் உரிமையாளர் டெய்லரைப் பதவி விலகப் பணித்தனர். அவர் மறுத்தார், அவ்வாண்டு மே 2ஆம் நாள் வயிற்றுளைச்சலால் இறந்தார். தோட்டத் தொழிலாளரே அவர் உடலைச் சுமந்து கண்டிக்குக் கொண்டு சென்றனர் என்பர். மகியாவைக் கல்லறையில் அவர் பெயர் இன்றும் உண்டு.

அத்தொழிலாளர் வழிவந்தோரிற் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றோராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, 1,50,000 பேரின் நிலையைப் பின்னர் பேசுவதென விட்டது. எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் நிறைவேறிற்று.