பெர்னான் விடால்

காய்ச்சல் ஒரு வாரமாகியும் விடாவிட்டால் இரத்தம் சோதிக்கச் சொல்லி மருத்துவர் சீட்டு எழுதித் தருவார். அதில் ‘வைடால்’ என்றொரு சொல் இருப்பதை நாம் கண்டிருக்கிறோம். ஏதோ மருந்தின் பெயர் என்றே நம்மில் பலர் எண்ணியிருந்தோம். அது ஒரு மனிதரின் பெயர். பிரெஞ்சுக்காரர்கள் அதை ‘விடால்’ என்று உச்சரிப்பர்.

பெர்னான் விடால் 1862ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் நாள் அல்ஜீரியாவில், டெல்லிஸ் என்னும் கடலோர ஊரில் பிறந்தார். தந்தை இராணுவ மருத்துவர். மகனும் பாரிஸில் மருத்துவம் பயின்று அங்கேயே பணிபுரிந்தார்.

அந்நாளில் டைபாய்டை இன்னதென்று அறிவது எளிதன்று. மலேரியாவும் காசநோயும் தொடக்கத்தில் அதே போலக் காய்ச்சலாகவே தோன்றும். டைபாய்டுக் கிருமியை 1880இல் ஏபர்த் கண்டிருந்தார். ஆனால் நோயாளியிடமிருந்து அதைப் பிரித்து வளர்ப்பது பெரும்பாடு. நோயைக் குணமாக்கும் குளோராம்பெனிக்கால் 1948இல்தான் பயனுக்கு வந்தது. அதற்கு முன் அறிந்து என்ன பயன் என்று கேட்கத் தோன்றும். டைபாய்டு என்று தெரிந்தால் நோயாளியைத் தனியே வைத்து, கழிவு குடிநீரில் கலவாமல் காத்து, வீட்டிலுள்ள மற்றவர்களைப் பிழைக்க வைக்கலாம்.

1896இல் வியன்னாவில் குரூபரும் டர்ஹமும் ஒன்றைக் கவனித்தனர். கிருமியை எதிர்த்துத் தேறிய விலங்கின் சீரத்தைச் சேர்த்ததும், நீந்திக்கொண்டிருந்த கிருமிகள் அசைவற்றுக் கட்டிகட்டியாகத் திரண்டன. கிருமியின் மேலுள்ள ஆன்டிஜென்னை, உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் பற்றிக்கொள்கிறது. எதிர்ப்பொருளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கைகள் உண்டு. ஒரு கையால் ஒரு கிருமியையும் மறு கையால் இன்னொன்றையும் பிடிப்பதால்தான் இந்தத் திரட்சி. தெரிந்த சீரத்தைக் கொண்டு தெரியாத கிருமியை அடையாளம் காண அவர்கள் இதைப் பயன்படுத்தினர்.

விடால் இதைத் திருப்பிப் போட்டார். தெரிந்த கிருமியை எடுத்து, என்ன நோயென்று தெரியாதவரின் சீரத்தை அதில் விட்டார். நோய் தீர்ந்த பின்னரே இத்தகைய எதிர்ப்பு பிறக்கும் என்றிருந்த எண்ணத்திற்கு மாறாக, காய்ச்சல் கொதிக்கும்போதே அது இரத்தத்தில் இருப்பதைக் கண்டார். அவ்வாண்டு ஜூன் மாதம் பாரிஸ் மருத்துவர் சபையில் இதை அறிவித்தார். குரூபரின் ஆய்வுக்கூடத்தில் பயின்ற குரூன்பாமும் இதே வழியில் முயன்றுகொண்டிருந்தார். அவரது கட்டுரை சில மாதங்கள் பிந்தி வெளிவந்தது. சில நாடுகளில் இதைக் குரூபர்-விடால் சோதனை என்பர். அதுவே நியாயம் என்று நமக்குத் தோன்றுகிறது.

அதே ஆண்டில் மான்ட்ரியாலில் வயட் ஜான்ஸ்டன் காய்ந்த இரத்தத் துளியைக் கொண்டே இச்சோதனையைச் செய்து காட்டினார். அதனால் தொலைவிலுள்ள மருத்துவரும் தபாலில் இரத்தம் அனுப்ப முடிந்தது.

முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் படையினருக்கான டைபாய்டுத் தடுப்பூசிக்காகவும் விடால் உழைத்தார். சிறுநீரக நோயில் உப்பைக் குறைத்தால் வீக்கம் வடியும் என்று காட்டியவர்களுள் அவரும் ஒருவர். 1929 ஜனவரி 14 அன்று பாரிஸில் காலமானார்.

அவர் தந்த சோதனையும் சில வேளை ஏமாற்றும். முதல் வாரத்தில் எதிர்ப்பொருள் போதிய அளவு இராது. முன்பு வந்துபோன நோயும், போட்டுக்கொண்ட தடுப்பூசியும் திரட்சியை உண்டாக்கலாம். ஆகவே இரத்தத்திலிருந்து கிருமியையே வளர்த்துப் பார்க்கும் சோதனையை இன்று மருத்துவர்கள் கூடுதலாக நம்புகின்றனர். சீட்டு எழுதுமுன், காய்ச்சல் என்று தொடங்கியது, தடுப்பூசி எப்போது போட்டது என்று அவர்கள் நம் அம்மாவிடம் கேட்பதும் இதற்காகத்தான்.