கே.சி.எஸ். பணிக்கர்: ஒரு படம் எப்போது நல்ல படம் ஆகிறது?



சேர்வராயன் மலை கண்ணெதிரே நிற்க, நினைத்த நேரத்தில் ஏற்காட்டுக்குக் கிளம்பிவிடலாம் என்ற இடத்தில் நாம் குடியிருக்கிறோம். அதனால்தானோ என்னவோ, நம் பிளாக்குகளில் வாட்டர் கலர் பெட்டி வைத்திருப்பவர்கள் அதிகம். விடுமுறையில் பிள்ளைகள் வரைகிறார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர்களும் வரைகிறார்கள். ஏரி, படகுகள், லேடீஸ் சீட்டிலிருந்து இரவில் தெரியும் சேலத்து விளக்குகள். வரைந்து முடித்ததும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: நன்றாக இருக்கிறதா? போட்டோ மாதிரியே இருக்கிறது என்று நாமும் சொல்லிவிடுகிறோம். அதற்கு மேல் பாராட்டு இல்லை என்பது நம் எண்ணம்.

நானும் வாட்டர் கலரில் வரைகிறவன். அந்தக் கேள்விக்கு என்னால் ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. ஆனால், வாழ்க்கை முழுவதும் அதே கேள்வியோடு போராடிய ஒருவரை உங்களுக்கு அறிமுகப்படுத்த முடியும். அவர் கே.சி.எஸ். பணிக்கர்.

முதலில் வாட்டர் கலர் பற்றிக் கொஞ்சம்

வாட்டர் கலரில் வெள்ளை என்பது காகிதம்தான். ஆயில் பெயின்ட்டில் கடைசியில் வெள்ளையைப் பூசிக்கொள்ளலாம். இதில், வெளிச்சம் எங்கே வேண்டுமோ அங்கே முதலிலிருந்தே பிரஷ் படாமல் காப்பாற்ற வேண்டும். ஏற்காட்டுக் காலை மூடுபனியை வரைய உட்கார்ந்து பாருங்கள். பக்கத்திலிருக்கும் சில்வர் ஓக் மரம் கறுப்பாகத் தெரியும், அதற்குப் பின்னால் காப்பித் தோட்டம் வெளுத்துத் தெரியும், அதற்கும் பின்னால் மலை இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. அங்கே எதையும் வரையாமல் விடத் தெரிந்தவருக்குத்தான் பனி கிடைக்கும்.

காலமும் முக்கியம். ஏப்ரல் வெயிலில் சேலத்தில் ஒரு வாஷ் போட்டால் பிரஷ் மறு ஓரம் போவதற்குள் காய்ந்துவிடும். மழை நாளில் ஏற்காட்டில் அதே வாஷ் காயவே காயாது. எப்போது தொட வேண்டும், எப்போது கையை எடுக்க வேண்டும் என்பதைப் பழக ஆண்டுகள் ஆகும். இந்தக் கைத்திறன் எல்லாம் பணிக்கருக்கு இளம் வயதிலேயே வந்துவிட்டது.

வேலையை விட்டு ஓவியப் பள்ளிக்கு

பணிக்கர் 1911ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பிறந்தார். குடும்பம் மலபார் பக்கத்தைச் சேர்ந்தது. சிறு வயதில் அவர் பார்த்த தென்னந்தோப்புகளும் கால்வாய்களும்தான் அவருடைய முதல் படங்கள். பதினேழு வயதிலேயே சென்னையில் நடந்த ஓவியக் கண்காட்சியில் அவர் படங்கள் இடம்பெற்றன. ஆனாலும் அந்தக் காலத்தில் படம் வரைந்து பிழைப்பது நடக்கிற காரியமா? தந்தித் துறையில் வேலைக்குப் போனார்.

1936இல், 25 வயதில், சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். எழும்பூருக்கு அருகே பெரியமேட்டில் இன்று அரசு கவின் கலைக் கல்லூரியாக இருக்கும் அதே இடம்தான். 1850இல் தொடங்கப்பட்ட பழைய பள்ளி அது. அப்போது அதன் முதல்வர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. சென்னை மெரினாவில் நாம் பார்க்கும் உழைப்பாளர் சிலையைச் செய்தவர் அவர். படித்து முடித்த பணிக்கர் அங்கேயே ஆசிரியரும் ஆனார். 1944இல் நண்பர்களோடு சேர்ந்து முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார்.

அவருக்கு முதலில் பெயர் வாங்கித் தந்தவை வாட்டர் கலர் இயற்கைக் காட்சிகள். வேகமான கை, ஈரமான வண்ணம், தண்ணீரில் ஆடும் தென்னையின் நிழல். வேறொருவராக இருந்திருந்தால் இதையே ஆயுள் முழுக்க வரைந்து நிம்மதியாக இருந்திருப்பார்.

போதாது என்று தோன்றிய இடம்

பணிக்கருக்கு நிம்மதி வரவில்லை. வாட்டர் கலர் இயற்கைக் காட்சி நமக்கு ஆங்கிலேயர் வழியாக வந்த முறை. மரம் நம்முடையது, தண்ணீர் நம்முடையது. அவற்றைப் பார்க்கும் பார்வை யாருடையது? மனித உருவங்களை வரைந்து பார்த்தார். வான்கோவின் பிரஷ் வீச்சிலிருந்து கற்றார், அஜந்தா ஓவியங்களின் கோட்டிலிருந்தும் கற்றார். 1954இல் ஐரோப்பா சென்று லண்டனிலும் பாரிஸிலும் கண்காட்சி நடத்தினார். அங்கே நவீன ஓவியங்களை நேரில் பார்த்தது அந்தக் கேள்வியை இன்னும் கூர்மையாக்கியது. அவர்களைப் போல வரைவது கடினமில்லை. ஆனால் அது மறுபடியும் இன்னொருவர் பார்வைதானே?

விடை கிடைத்தது எதிர்பாராத இடத்தில். ஒரு மாணவரின் கணக்கு நோட்டில் ஒரு பக்கம் அவர் கண்ணில் பட்டது. எண்கள், குறிகள், வடிவியல் கோடுகள். கணக்கை மறந்துவிட்டுப் பார்த்தால் அந்தப் பக்கமே ஒரு படமாக நின்றது. 1963 வாக்கில் சொற்களும் குறியீடுகளும் என்ற வரிசையைத் தொடங்கினார். ஜாதகக் கட்டங்கள், மலையாள எழுத்துப் போலத் தோன்றி வாசிக்க வராத வரிகள், சின்னச் சின்னப் பறவை, மிருக உருவங்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கும் ஜாதக நோட்டைப் புரட்டியவர்களுக்கு அந்தக் கட்டங்கள் அந்நியமாகத் தோன்றாது. இந்தியாவின் நவீன ஓவியத்தில் அவர் பெயர் நிலைத்தது இந்த வரிசையால்தான்.

அப்போது அவருக்கு வயது 52. ஓவியக் கல்லூரியின் முதல்வர். கைக்குப் பழகிய, ஊருக்குப் பிடித்த ஒன்றை அந்த வயதில் தள்ளி வைப்பது லேசான காரியம் இல்லை.

மாணவர்கள் எப்படிப் பிழைப்பார்கள்?

1957 முதல் 1967 வரை அவர் முதல்வராக இருந்தார். ஆதிமூலம் போன்றவர்கள் அங்கே படித்து வெளிவந்த காலம் அது. நன்றாக வரைகிற பிள்ளைகள் படிப்பு முடிந்ததும் ஏதாவது ஒரு வேலைக்குப் போய் வரைவதையே விட்டுவிடுவதைப் பார்த்து அவர் கவலைப்பட்டார். தானும் சம்பள வேலையில் இருந்து வந்தவர்தானே.

அதற்கு அவர் கண்ட வழி நடைமுறைக்கு ஏற்றது. ஓவியர்கள் பத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்கள் செய்து விற்கட்டும். அந்தப் பணம் சோறு போடும். ஓவியம் யாருடைய விருப்பத்துக்கும் வளைய வேண்டியதில்லை. அப்படிச் சேர்ந்த பணத்தில் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கினார்கள். 1966இல் அங்கே சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது. வெறும் மணலாகக் கிடந்த கடலோரத்தில் ஓவியர்களே வீடு கட்டிக் குடியேறினார்கள். சேர்ந்து நிலம் வாங்கி, கூடிப் பேசி, பொதுச் செலவைப் பகிர்ந்து வாழ்வது எவ்வளவு கஷ்டம் என்று சங்கம் நடத்தும் நமக்குத் தெரியாததா! அந்தக் கிராமம் இன்றும் இருக்கிறது. பணிக்கர் 1977இல் காலமானார்.

நமக்கு இதில் என்ன?

பணிக்கரைப் போல எல்லோரும் எழுத்தும் கட்டமும் வரைய வேண்டும் என்று சொல்லவில்லை. ஏரியையே வரையுங்கள். கைத்திறன் வேண்டும்; வாஷ் சீராக ஓட வேண்டும், வெளிச்சம் நிழல் சரியாக விழ வேண்டும். அது இல்லாமல் மேலே எதுவும் ஏறாது. ஆனால் அது வாசற்படிதான். படியைத் தாண்டிய பிறகு, இந்தப் படத்தில் நான் பார்த்தது என்ன என்ற கேள்விக்குப் பதில் இருந்தால் அது நல்ல படம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் பிள்ளை படத்தோடு வந்து நின்றால், போட்டோ மாதிரி இருக்கிறது என்று முடித்துவிடாதீர்கள். எதைப் பார்த்து இதை வரையத் தோன்றியது, எதை வேண்டாம் என்று விட்டாய் என்று கேளுங்கள். யூடியூபைப் பார்த்து வரைந்த சூரிய அஸ்தமனம் என்றால் குழந்தைக்குப் பதில் வராது. பகோடா பாயின்ட்டில் பனி வந்து அப்பாவின் தலை மட்டும் தெரிந்தது என்றால், கோடு கொஞ்சம் கோணலாக இருந்தாலும் அதைச் சட்டம் போட்டு மாட்டுங்கள்.

சென்னைக்குப் போகிறவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சோழமண்டலத்தில் இறங்கி, அங்குள்ள காட்சிக்கூடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். கையில் அவர்களுடைய கணக்கு நோட்டு இருந்தால் இன்னும் நல்லது.