கர்னல் பென்னிகுயிக்கும் ஜனவரி 15-ம்



ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. தலைவர்களையும் தியாகிகளையும் நினைத்துப் பார்க்கச் சொல்லி நாடு நமக்கு விடுமுறை தருகிறது. நாமும் மிட்டாய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம். ஆனால் நம் கம்பம் பள்ளத்தாக்கில், மேலிடத்து உத்தரவு எதுவும் இல்லாமல் விவசாயிகளே கொண்டாட ஆரம்பித்த நாள் ஒன்று உண்டு. அது ஜனவரி 15, கர்னல் ஜான் பென்னிகுயிக் பிறந்தநாள். பாலார்பட்டியில் அவர் படத்தை வைத்துப் பொங்கல் வைக்கிறார்கள். அரசு விழா ஆனதெல்லாம் பிற்பாடு.

வெள்ளைக்காரனுக்கு எதுக்குடா பொங்கல் என்று விடுதி நண்பன் ஒருவன் என்னைக் கேட்டான். நியாயமான கேள்விதான். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

பென்னிகுயிக் 1841 ஜனவரி 15 அன்று புனேயில் பிறந்தவர். தந்தை ராணுவ அதிகாரி. 1849 ஜனவரி 13 அன்று சிலியன்வாலா போரில் தந்தையும் அண்ணனும் ஒரே நாளில் மாண்டார்கள். சிறுவனுக்கு எட்டு வயது நிறைய இரண்டு நாள்தான் பாக்கி. தகப்பனில்லாமல் இங்கிலாந்தில் படித்து, 1858-ல் சென்னை மாகாணப் பொறியாளர் படையில் சேர்ந்தார்.

மேற்கு மலையில் கொட்டும் மழை பெரியாற்றில் ஓடி அரபிக்கடலில் கலந்தது. கிழக்கே வைகை காய்ந்து கிடந்தது. அந்தத் தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பலாம் என்ற யோசனை பென்னிகுயிக்குடையது அல்ல. 1789-லேயே ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை ஆள் அனுப்பிப் பார்த்தார். செலவு தாங்காது என்று விட்டுவிட்டார்கள். 1808-ல் கால்டுவெல் என்ற ஆங்கிலேயப் பொறியாளரும் ஆகாது என்றார். 1876-78 தாது வருடப் பஞ்சத்தில் சனங்கள் கொத்துக்கொத்தாகச் செத்த பிறகு, 1882-ல் திட்டத்தைத் திருத்தி எழுதும் பொறுப்பு பென்னிகுயிக்கிடம் வந்தது. 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூருடன் 999 வருடக் குத்தகை. 1887-ல் வேலை ஆரம்பம்.

சிவில் படிக்கிற நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அணையைக் கட்டியபோது சிமெண்ட் கிடையாது. சுண்ணாம்பும், செங்கல்லைச் சுட்டுப் பொடித்த சுர்க்கியும், கல்லும்தான். தன் எடையாலேயே தண்ணீரைத் தாங்கி நிற்கும் அணை. அஸ்திவாரத்திலிருந்து 176 அடி. ஆறு தானாக இந்தப் பக்கம் வராதே, அதற்கு மலையை ஒரு மைலுக்கு மேல் குடைந்தார்கள். அந்தச் சுரங்க வழியாக விழுகிற தண்ணீர்தான் வைரவனாறு, சுருளியாறு என்று வந்து வைகையில் சேர்கிறது.

காடு சும்மா விடவில்லை. போட்ட தடுப்பை வெள்ளம் அடித்துக்கொண்டு போகும், மறுபடி போடுவார்கள், மறுபடி போகும். மலேரியாவுக்குப் பயந்து ஆட்கள் வர மறுத்தார்கள். ராணுவத்தின் பயனியர் படையையும், கொச்சியிலிருந்து போர்ச்சுகீசியத் தச்சர்களையும் வரவழைத்தார்கள். நோயில் இறந்தவர்கள் மட்டும் 483 பேர் என்று கணக்கு இருக்கிறது. அவர்களைப் புதைத்த இடம் அணைக்குப் பக்கத்திலேயே உண்டு. 1895 அக்டோபர் 10-ல் கவர்னர் வென்லாக் பிரபு அணையைத் திறந்துவைத்தார்.

அரசாங்கம் பணம் தர மறுத்ததால் இங்கிலாந்தில் சொத்தை விற்று அணையைக் கட்டி முடித்தார் என்று எங்க அப்பத்தா சொல்லும். நம்ம பக்கம் எல்லா வீட்டிலும் இந்தக் கதை உண்டு. ஆனால் அணை சென்னை மாகாண அரசின் பணத்தில் கட்டியது. சொத்து விற்றதற்கு ஆவணம் இல்லை என்று ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். இதைச் சொன்னால் ஊரில் அடிக்க வருவார்கள்! வரி வரும் என்றுதான் வெள்ளை அரசும் செலவு செய்தது. எனக்கு என்னவோ, சொத்தை விற்ற வள்ளலைவிட, அடித்துக்கொண்டு போன தடுப்பை மறுபடி மறுபடி போட்ட பொறியாளர்தான் பெரியவராகத் தெரிகிறார். வள்ளலைக் கும்பிடத்தான் முடியும். பொறியாளரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

1896-ல் ஓய்வு பெற்று, இங்கிலாந்தில் இந்தியாவுக்கான பொறியாளர்களை உருவாக்கிய கூப்பர்ஸ் ஹில் கல்லூரிக்குத் தலைவரானார். 1911 மார்ச் 9-ல் காலமானார்.

இன்று லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. அதில் எங்களுக்கு ஒரு சென்ட்கூடக் கிடையாது. அப்பத்தாவும் அம்மாவும் அந்த வயல்களில் நாத்து நட்ட கூலியில்தான் எங்கள் வீட்டில் முதல் ஆளாக நான் டிப்ளமோ படிக்கிறேன். ஆகவே அந்தத் தண்ணீரில் எங்களுக்கும் பங்கு உண்டு. ஜனவரி 15-லும் உண்டு. ஆனால் விழா மேடைகளில் கர்னலின் பெயரைக் கேட்கிறேனே தவிர, கல் சுமந்து காய்ச்சலில் செத்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்டதில்லை. அவர்களும் எங்க அம்மா மாதிரி கூலிக்குப் போனவர்கள்தானே.

லோயர்கேம்ப்பில் 2013 ஜனவரி 15-ல் திறந்த மணிமண்டபம் இருக்கிறது. பொங்கல் லீவு என்பதால் அன்று கல்லூரியிலிருந்து யாரும் போவதில்லை. வருகிற ஜனவரியில் உள்ளூர் மாணவர்கள் மட்டுமாவது சேர்ந்து போகலாம். கர்னல் சிலைக்கு ஒரு மாலை போட்டுவிட்டு, அந்த 483 பேருக்காக அங்கேயே ஒரு நிமிடம் நிற்கலாம். மாணவர் மன்றச் செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். வருகிறவர்கள் அவரிடம் பெயர் கொடுங்கள்.