ரத்தம் சொல்லும் தகவல்: கல்லீரல் மருத்துவத்தை மாற்றிய ஷீலா ஷெர்லாக்

ஹெபடைட்டிஸ் கிருமியால் கல்லீரல் செயலிழந்த ஒருவர் மருத்துவமனைக்கு வருகிறார். கண்ணெல்லாம் மஞ்சள். பேச்சு குழறுது.

மருந்திலேயே தேறிடுவாரா, இல்ல உடனே மாற்றுக் கல்லீரல் வேணுமா? அதை முடிவு செய்ய மருத்துவர்கள் முக்கியமாகப் பார்ப்பது ரத்தப் பரிசோதனை முடிவுகளைத்தான்.

சுமார் 80 ஆண்டுகளுக்கு முன்பு, அந்த எண்களுக்கும் கல்லீரலின் உண்மையான நிலைக்கும் உள்ள தொடர்பு சரியாகப் புரியவில்லை. அதைப் புரியவைத்தவர்களில் முக்கியமானவர் ஷீலா ஷெர்லாக்.

கதவைத் திறந்த எடின்பர்க்

1918இல் டப்ளினில் பிறந்தவர், வளர்ந்தது இங்கிலாந்தில். அந்தக் காலத்தில் பெண்களுக்கு மருத்துவப் படிப்பில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. இங்கிலாந்து கல்லூரிகள் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஸ்காட்லாந்தின் எடின்பர்க் பல்கலைக்கழகம் இடம் தந்தது. 1941இல் வகுப்பிலேயே முதலாவதாகத் தேறினார்.

ஊசியும் ரத்தமும்

அடுத்து லண்டனின் ஹேமர்ஸ்மித் மருத்துவமனை. இரண்டாம் உலகப் போர் நடந்த நேரம். மஞ்சள் காமாலை பலரைப் பாதித்தது. கல்லீரலுக்குள் என்ன நடக்கிறது என்பதை, பெரும்பாலும் நோயாளி இறந்த பிறகுதான் பார்க்க முடிந்தது.

ஷெர்லாக், உயிரோடு இருக்கும் நோயாளியின் கல்லீரலிலிருந்து ஊசி வழியாகச் சின்னத் துணுக்கை எடுத்து ஆராய்ந்தார். அதே நோயாளியின் ரத்த முடிவுகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். அந்த ஒப்பீட்டை 1946இல் வெளியிட்டார்.

1955இல் அவர் எழுதிய கல்லீரல் நோய்ப் பாடநூல் உலகம் முழுக்கப் பரவியது. 1959இல் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் பொறுப்பேற்றார். பிரிட்டனின் முதல் பெண் மருத்துவப் பேராசிரியர் அவர்தான்.

அந்த எண்கள் என்ன சொல்கின்றன?

பிலிருபின்: கல்லீரல் வெளியேற்ற வேண்டிய மஞ்சள் நிறப்பொருள். ரத்தத்தில் கூடினால், வெளியேற்றும் வேலை தடைபட்டிருக்கு என்று அர்த்தம்.

ஐ.என்.ஆர்: ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் அளவு. உறையவைக்கும் புரதங்களைக் கல்லீரல்தான் செய்கிறது. அவற்றில் சில சில மணி நேரமே நிலைக்கும். அதனால கல்லீரல் நின்றால் இந்த எண் சட்டுனு ஏறும்.

கல்லீரல் நொதிகள்: இதுலதான் ஏமாந்துடுவோம். நொதி அளவு குறைஞ்சா குணமாகுதுன்னு தோணும். ஆனால் ஐ.என்.ஆர் ஏறிக்கொண்டே போகும்போது நொதி குறைந்தால், அழிவதற்குச் செல்களே அதிகம் மிச்சமில்லை என்றும் இருக்கலாம்.

ஷெர்லாக்கிடம் பயிற்சி பெற்ற ரோஜர் வில்லியம்ஸின் குழு, 1989இல் இத்தகைய அளவுகளைத் தொகுத்தது. ஐ.என்.ஆர், பிலிருபின், வயது, நோய்க்கான காரணம் ஆகியவற்றை வைத்து, யாருக்கு அவசரமாக மாற்றுக் கல்லீரல் தேவை எனக் கணிக்கும் முறை அது. கிங்ஸ் காலேஜ் அளவுகோல் என்ற பெயரில் இன்றும் பயன்படுகிறது.

சீக்கிரம் முடிவெடுத்தால், தேவையே இல்லாத அறுவைச் சிகிச்சை நடந்துவிடலாம். தாமதித்தால் உயிர் போகலாம். அந்த நேரத்தில் கைகொடுப்பவை இந்த எண்கள்.

கடைசி அங்கீகாரம்

2001இல் ஷெர்லாக் பிரிட்டனின் ராயல் சொசைட்டி உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது அவருக்கு 83 வயது. அதே ஆண்டு டிசம்பர் 30ஆம் தேதி காலமானார்.

நமக்கு என்ன?

ஹெபடைட்டிஸ் பி நோயைத் தடுப்பூசியால் தடுக்கலாம். சிங்கப்பூரில் 1987 முதல் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் அது போடப்படுகிறது. அதற்கு முன் பிறந்த அப்பா, அம்மா போட்டுக்கொள்ளாமல் இருந்திருக்கலாம். பல ஆண்டுகள் அறிகுறியே காட்டாமல் இந்தக் கிருமி உடம்பில் இருக்கக்கூடும்.

அடுத்த முறை அவங்க மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, ஹெபடைட்டிஸ் பி ரத்தப் பரிசோதனை பற்றிக் கேட்கச் சொல்லுங்க.